கௌரவப் பட்டமும் பல்கலைக்கழகத்தின் கடனும்: ஒரு சமூகவியல் நோக்கு

1

பல்கலைக்கழகம் வழங்கும் பட்டங்கள் இரு வகைப்படும். குறித்த காலம் பயின்று, தேர்வெழுதி, ஆய்வேடு சமர்ப்பித்துத் தகுதியை நிறுவியபின் பெறப்படுவது ஒன்று. இவற்றுள் எதனையும் வேண்டாது பல்கலைக்கழகம் தானே முன்வந்து அளிப்பது மற்றொன்று. பின்னையதே கௌரவப் பட்டம் எனப்படுகின்றது. வரவு போதாமையைக் காரணங்காட்டி மாணவனொருவனைத் தேர்வு மண்டபத்தினுள் விடாத அதே நிறுவனம், தன் விரிவுரை மண்டபத்தில் ஒரு நாளேனும் அமர்ந்திராத ஒருவருக்குத் தன்னிடமுள்ள அதியுயர் பட்டத்தைச் சில நிமிடங்களில் அளித்துவிடுகின்றது. பட்டமளிப்பு விழாவின் ஆரவாரத்திலே இம்முரண்பாடு மறைந்துபோவதால் அதுபற்றி ஆழச் சிந்திப்போர் சிலரேயாவர்.

அவ்வாறு சிந்திப்போர் தரும் விடைகளும் பெரும்பாலும் இரண்டனுள் அடங்கும். சமூகத்தின் சான்றோரைக் கௌரவித்தல் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுக் கடமை என்பது முதலாவது. பொருளிழந்த இச்சடங்கு அறவே ஒழிக்கப்படவேண்டும் என்பது இரண்டாவது. ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றினும் இவ்விரு விடைகளுக்கும் பொதுவானதொரு குறைபாடு உண்டு. சான்றோர் யார் என்பதைத் தீர்மானிப்போர் யாவர், எந்த அளவுகோலால் தீர்மானிக்கின்றனர், அத்தீர்மானத்தினாற் பயனடையும் வர்க்கம் எது ஆகிய வினாக்களை இரண்டும் எழுப்புவதில்லை. அவ்வினாக்களை எழுப்புவதும், கௌரவப் பட்டத்துக்கு நியாயம் ஏதேனும் உண்டாயின் அது யாதென ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தமிழிற் பட்டம் என்ற சொல்லின் வரலாறு கருதத்தக்கது. நெற்றியிற் கட்டும் பொற்றகட்டையும், ஆட்சியுரிமையையும், புகழ்ப்பெயரையும் அஃது ஒருங்கே குறித்தது. பண்டைத் தமிழ் வேந்தர் படைத்தலைவர்க்கு ஏனாதி என்றும், வணிகர்க்கு எட்டி என்றும், வேளாண் தலைமக்களுக்கும் அரச அலுவலர்க்கும் காவிதி என்றும் பெயர்கள் வழங்கினர். அப்பெயர்களோடு பொன்னாலான பூவும் மோதிரமும் சேர்ந்து சென்றன. குலக்குழு அமைப்புச் சிதைந்து அரசு உருவாகிவந்த காலத்தில், படைவலிமையும் செல்வமும் நிலவுரிமையும் உடையோரை அரசோடு பிணைக்கும் கயிறாக இப்பட்டங்கள் பயன்பட்டன. பெறுபவனது சிறப்பைப் பட்டம் பறைசாற்றிற்று என்பது உண்மையே. ஆயினும் வழங்குபவனது மேலாண்மையைப் பெறுபவன் ஏற்றுக்கொண்டான் என்பதையும் அது பறைசாற்றிற்று.

பிற்காலத்தில் இவ்வதிகாரம் மடங்களுக்கும் வித்துவான்களின் அவைகளுக்கும் கைமாறியது. 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் நல்லூர் ஆறுமுகம்பிள்ளைக்கு அளித்த நாவலர் என்னும் பட்டம் அவருடைய இயற்பெயரையே பின்தள்ளிவிட்டது. கண்டிப் பிரதேசத்தைச் சேர்ந்த அப்துல் காதிறுப் புலவரையும் இலக்கிய வரலாறு 'அருள்வாக்கி' என்னும் அடைமொழியோடேயே அறியும். இவை புலமையை நேரிற் கேட்டறிந்தோர் அளித்த பட்டங்கள். அவற்றிலும் சமயச் சார்பும் சாதிச் சார்பும் இருந்தன. எனினும் அளிப்போரும் பெறுவோரும் ஒரே புலமை மரபினராக இருந்தமையால், அப்பட்டங்களுக்குப் பின்னே தேர்வு போன்றதொரு சோதனை இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஐரோப்பியப் பல்கலைக்கழக மரபிலே கௌரவப் பட்டத்தின் பிறப்பு வேறு வகையானது. 1478 ஆம் ஆண்டையொட்டி ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் லயனல் வுட்வில் என்பாருக்கு வழமையான நிபந்தனைகளைத் தளர்த்திக் கலாநிதிப் பட்டம் அளிக்க முன்வந்ததையே இவ்வழக்கத்தின் தொடக்கமாக வரலாற்றாசிரியர் கூறுவர். அவர் அன்றைய மன்னர் நான்காம் எட்வேட்டின் மைத்துனர். அரண்மனையின் தயவை நாடிய கல்வி நிறுவனம் தன்னிடமிருந்த ஒரேயொரு செல்வத்தை, அதாவது பட்டத்தை, காணிக்கையாக்கியது. இங்கே புலமைச் சோதனை நீக்கப்பட்டது தற்செயலான விடயமாகாது. அதனை நீக்குவதே காணிக்கையின் உள்ளடக்கமாயிருந்தது. காலனித்துவ ஆட்சியினூடாக நமக்கு வந்துசேர்ந்த பல்கலைக்கழக அமைப்பு, அங்கியோடும் செங்கோலோடும் இம்மரபையும் கொண்டுவந்தது.

3

கௌரவப் பட்டம் அதிகாரத்துக்கான காணிக்கையாகும்போது விளைவது யாது என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாறு துயரமானதொரு சான்றைத் தருகின்றது. 1971 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியபோது மாணவரிடையே எதிர்ப்பு எழுந்தது. காவல்துறையினரின் தடியடி நிகழ்ந்தது. உதயகுமார் என்னும் மாணவர் உயிரிழந்தார். அம்மரணத்தின் சூழல் பற்றிய சர்ச்சை நீண்டகாலம் நிலவியது.

இவ்விடத்தில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்தல் அவசியமாகும். கருணாநிதி வெறும் ஆட்சியாளர் அல்லர். நாடகம், திரைக்கதை, உரைநடை ஆகியவற்றில் ஒரு காலகட்டத்தின் மொழியையே பாதித்த எழுத்தாளர். அவருடைய இலக்கியப் பணியைப் பற்றி நமக்கு எத்தகைய விமரிசனம் இருப்பினும், அப்பணியின் பெயரால் ஒரு பட்டத்துக்கு அவர் உரியவரல்லர் என எளிதிற் கூறிவிட முடியாது. ஆனால் பல்கலைக்கழகத்தின் நிதியும் நியமனங்களும் யாருடைய அரசாங்கத்தில் தங்கியுள்ளனவோ அவருக்கே பட்டம் வழங்கப்படும்போது, எழுத்தாளருக்கு அளிக்கப்பட்டது எவ்வளவு, முதலமைச்சருக்கு அளிக்கப்பட்டது எவ்வளவு எனப் பிரித்தறிய எவராலும் இயலாது. பெறுபவரின் உண்மையான தகுதியும் அதனால் ஐயத்துக்குள்ளாகின்றது. பதவியிலிருப்போருக்குப் பட்டம் வழங்குவதன் முதலாவது தீங்கு இதுவே.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. 1985 சனவரியில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் அவை, தன் பழைய மாணவியும் பிரதமருமான மார்கிரட் தட்சருக்குக் கௌரவப் பட்டம் அளிக்கும் பிரேரணையை 319 க்கு எதிராக 738 வாக்குகளால் நிராகரித்தது. கல்விக்கான அரச செலவினங்கள் வெட்டப்பட்டமையே எதிர்ப்பின் பிரதான காரணம். மன்னரின் மைத்துனருக்குப் பட்டத்தைக் காணிக்கையாக்கிய அதே பல்கலைக்கழகம், ஏறத்தாழ 500 ஆண்டுகளின் பின்னர் ஆட்சியாளரொருவருக்கு அதனை மறுத்தது. பல்கலைக்கழகத்தின் அறம் மேம்பட்டுவிட்டது என இதனைக் கொள்வது மிகையாகும். தீர்மானிக்கும் உரிமை ஆசிரியரிடம் வாக்குரிமையாக இருந்தமையே அம்மறுப்பைச் சாத்தியமாக்கியது.

அவ்வுரிமை மேலிருந்து தடுக்கப்படும்போது நேர்வதை 2023 இல் மதுரையிற் கண்டோம். விடுதலைப் போராட்ட வீரரும் பொதுவுடைமை இயக்க முன்னோடியுமான என். சங்கரய்யாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்க மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அவைகள் தீர்மானித்தன. 1941 இல், மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பட்டப்படிப்பின் இறுதித் தேர்வு நெருங்கியிருந்த வேளையில், பிரித்தானிய ஆட்சி அவரைக் கைதுசெய்தமையால் தேர்வெழுதும் வாய்ப்பை இழந்தவர் அவர். சிறையினாற் பறிபோன பட்டத்தை நூறு வயதைக் கடந்த முதியவரிடம் திருப்பிக் கையளிக்கும் செயலாக அது அமைந்திருக்கும். ஆயின் பல்கலைக்கழக வேந்தராயிருந்த ஆளுநர் ஆர். என். ரவி ஒப்புதல் அளிக்கவில்லை. நவம்பர் 2 ஆம் திகதி நடைபெற்ற பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் புறக்கணித்தார். நவம்பர் 15 ஆம் திகதி சங்கரய்யா மறைந்தார்.

1971 இல் ஆட்சியாளருக்குப் பட்டம் வழங்கப்பட்டது. 2023 இல் ஆட்சியை எதிர்த்துச் சிறைசென்றவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. இரண்டையும் இணைத்து நோக்கின், வேந்தர் என்னும் பதவிப்பெயர் வெறும் அலங்காரம் அன்று என்பது புலனாகும். இலங்கையிலும் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி வேந்தர் சனாதிபதியால் நியமிக்கப்படுகின்றார். துணைவேந்தர் நியமனத்திலும் இறுதிச்சொல் சனாதிபதியினுடையதே. மூதவையும் பேரவையும் கௌரவத்துக்குரியோரைப் பற்றிச் சிந்திக்கும்போது இவ்வதிகார உறவு அவற்றின் பின்னணியில் எப்பொழுதும் இருந்துகொண்டேயிருக்கும்.

4

அதிகாரத்துக்கான காணிக்கை என்ற நிலையிலிருந்து கௌரவப் பட்டத்தை மீட்டெடுக்க முடியுமா? முடியும் என்பதே எமது கருத்து. அதற்கு அறிவின் உற்பத்தி பற்றிய தெளிவு வேண்டும். இத்தெளிவைப் பெறுவதற்குப் பேராதனையின் வரலாறு பெரிதும் உதவும்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பிலே தோன்றி, 1952 முதல் பேராதனையில் இயங்கத் தொடங்கியது. 1954 ஏப்பிரல் 20 ஆம் திகதி எடின்பரோக் கோமகன் அதனைச் சம்பிரதாயபூர்வமாகத் திறந்துவைத்தபோது, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தை 'வழமையிலும் கூடுதலாகத் திறந்திருப்பதாக' நகைச்சுவையுடன் அறிவித்தார். யாருக்கு அது திறந்திருந்தது என்பதே வரலாறு எழுப்பும் வினா.

1956 இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. நவீன சிங்கள நாடகத்தின் திருப்புமுனையான அந்நாடகத்துக்கு, மரபுவழி நாடகம ஆசானாகிய சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் இசையறிவு அடித்தளமாயிருந்தது. 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பேராதனைத் தமிழ் மாணவர்களைக்கொண்டு செம்மைப்படுத்தி மேடையேற்றினார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவை அவ்வாறு உருவானவை. ஆட்டமும் தாளமும் பயிற்றுவதற்கு வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் போன்றோரின் பயிற்சி வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் களரியிலே பேணப்பட்ட அவ்வறிவு இல்லாமல் பேராசிரியரின் நோக்கு மேடையில் உருப்பெற்றிராது. பேராசிரியரின் நோக்கு இல்லாமல் அவ்வறிவு நகர மேடைக்கும் நாட்டின் கவனத்துக்கும் வந்திராது. இரு வகை உழைப்புகள் இணைந்தே ஒரு கலைச்சாதனை பிறந்தது.

சரச்சந்திரவைப் பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் 1980 களின் தொடக்கத்திலே கௌரவக் கலாநிதிப் பட்டமளித்துப் போற்றின. இன முரண்பாடு கூர்மையடைந்துகொண்டிருந்த வேளையில் சிங்கள நாடகாசிரியரொருவரை யாழ்ப்பாணம் கௌரவித்தமை என்றும் நினைவுகூரத்தக்கது. அதே மூச்சில் இன்னொரு வினாவையும் எழுப்பவேண்டும். குருன்னான்சேயின் அறிவும் அண்ணாவியாரின் அறிவும் பல்கலைக்கழக ஏடுகளில் எந்தப் பெயராற் பதிவாகின்றன? ஆய்வேடுகளின் முன்னுரையில் 'தகவல் தந்துதவியோர்' என்னும் தலைப்பின் கீழ் இத்தகையோரின் பெயர்கள் இடம்பெறுவதுண்டு. ஆய்வாளர் கலாநிதியாகின்றார், தகவல் தந்தவர் தகவல் தந்தவராகவே இருந்துவிடுகின்றார். உழைப்பின் விளைபொருள் உழைத்தவரிடமிருந்து அந்நியமாவது தொழிற்சாலையில் மட்டும் நிகழ்வதாகக் கொள்ளவேண்டியதில்லை.

பேராதனையைச் சூழ்ந்துள்ள மலைகள் இவ்வுண்மையை மேலும் வலியுறுத்துவன. கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் வணிகரீதியாகத் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலந்தொட்டு, நாட்டின் செல்வத்தை ஈட்டித்தந்த தொழிலாளர், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராயினர். பெரட்டுக்களத்திலும் கொழுந்து மலையிலும் லயத்து முற்றத்திலும் அவர்கள் பாடிய பாடல்களை, மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை திரட்டினார். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவாகிய அவர், தன் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி 1984 இல் மறைந்தார். கண்டிக்கு அண்மையிலுள்ள தலாத்துஓயாவில் வாழ்ந்து 2004 இல் மறைந்த கே. கணேஷ், 1940 களில் முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்துக்கு வித்திட்டவர். முல்க் ராஜ் ஆனந்தையும் லூ சுனையும் ஹோ சி மினையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். மலையக இலக்கியம், ஈழத்து முற்போக்கு இலக்கியம், மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் இன்று எழுதப்படும் ஆய்வேடுகள் இத்தகையோரின் உழைப்பின்மீதே கட்டப்படுகின்றன.

கௌரவப் பட்டத்தின் நியாயம் இங்கேதான் உள்ளது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே உற்பத்தியாகி, பல்கலைக்கழகத்தால் எடுத்தாளப்பட்ட அறிவுக்கு அது பட்டிருக்கும் கடனைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்வதே அந்நியாயம். இந்நோக்கிற் பார்க்கும்போது கௌரவப் பட்டம் பல்கலைக்கழகம் காட்டும் பெருந்தன்மை ஆகாது. கணக்குத் தீர்க்கும் முயற்சி ஆகும். ஒருவருடைய பெயர் முன்மொழியப்படும்போது, 'இவர் எவ்வளவு புகழ்பெற்றவர்?' என்று கேட்பதற்குப் பதிலாக 'இவரிடமிருந்து நாம் எதனைக் கற்றோம்?' என்று மூதவை கேட்டல் வேண்டும்.

5

கடன் என்று கொண்டால் அதனை உரிய காலத்தில், உரிய அளவில் தீர்க்கவேண்டும் என்பதும் பெறப்படும். இவ்விரண்டிலும் நமது பல்கலைக்கழகங்கள் தவறியுள்ளன.

உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பு 1887 இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது 1932 இல். பழந்தமிழ் இலக்கியக் கல்வி முழுவதும் அவருடைய பதிப்புகளின் மேல் எழுந்துநின்ற பின்னர், 45 ஆண்டுகள் கழித்து, அவரது 77 ஆவது வயதிலே அக்கடன் ஏற்கப்பட்டது. இலங்கையிலும் குருசீட மரபின் இறுதிப் பெருமகனாகக் கருதப்படும் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 1978 இல் இலக்கிய கலாநிதிப் பட்டம் பெற்றபோது எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். பண்டிதமணியின் சமய நோக்கோடும் இலக்கிய நோக்கோடும் நமக்கு அடிப்படையான வேறுபாடுகள் உண்டு. ஆயினும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு மரபைக் கட்டிக்காத்த புலமையைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டமை நியாயமான செயலே.

இவற்றோடு ஒப்பிடத்தக்கது சுவாமி விபுலாநந்தரின் வரலாறு. ஆய்வுக் கலாநிதிப் பட்டம் பெற்றிராத அவரை 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தத்தம் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக்கின. அங்கே அவருக்குக் கிடைத்தது ஊதியம், மாணவர், நூலகம், ஆய்வுக்கான சூழல் ஆகியவை. 1947 இல் 'யாழ் நூல்' அரங்கேறியமை நாமறிந்ததே. உழைக்கும் ஆற்றலுள்ளபோது அளிக்கப்படும் பதவி அறிவை வளர்க்கின்றது. முதுமையில் அளிக்கப்படும் பட்டம் வளர்ந்த அறிவை வாழ்த்துவதோடு அமைகின்றது. அண்ணாவியாரொருவரைக் கலாநிதியாக்குவது நன்று. அவரை வருகைதரு ஆசிரியராக்கி, உரிய ஊதியம் வழங்கி, மாணவர்முன் நிறுத்துவது அதனினும் நன்று.

அளவு பற்றிய வினாவை டொமினிக் ஜீவாவின் செயல் எழுப்புகின்றது. ஒடுக்கப்பட்ட சமூகமொன்றிலே பிறந்து, பள்ளிப்படிப்பை இடைநிறுத்த நேர்ந்து, யாழ்ப்பாணத்துச் சிகை அலங்கரிப்பு நிலையத்திலே தொழில் செய்துகொண்டே எழுத்தாளரானவர் அவர். 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதனைத் தோளிற் சுமந்தார். பல்கலைக்கழக விமரிசகர் பலருடைய கட்டுரைகள் அதிலேதான் வெளிவந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முதுமாணிப் பட்டம் அளிக்க முன்வந்தபோது அவர் அதனை ஏற்க மறுத்துவிட்டார்.

அவருடைய மனத்திலிருந்த காரணங்களை ஆராய்வது நமது நோக்கமன்று. அம்மறுப்பு எழுப்பும் வினாவே முக்கியமானது. பயின்று பெறும் பட்டங்களில் இளமாணி, முதுமாணி, கலாநிதி என்ற படிநிலைக்குப் பொருளுண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறளவு பயிற்சியைக் குறிக்கும். எந்தப் பயிற்சியையும் வேண்டாத கௌரவப் பட்டத்திற் படிநிலை எதனைக் குறிக்கும்? ஒருவருக்குக் கலாநிதி, இன்னொருவருக்கு முதுமாணி என அளக்கும்போது, அளவுகோல் புலமையினின்றும் வழுவிச் சமூகத் தகுதியின்பாற் சாய்வதற்கு வாய்ப்பு ஏற்படுகின்றது. சாதியும் வர்க்கமும் வேரூன்றிய சமூகத்திலே அவ்வாய்ப்பு அபாயகரமானது. கௌரவத்திலே இரண்டாந் தரம் ஒன்று இருத்தலாகாது.

6

இத்துணைத் தீங்குகளும் உளவாயின் இவ்வழக்கத்தை ஒழித்துவிட்டாலென்ன எனச் சிலர் கேட்கலாம். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் போன்ற சில உயர்கல்வி நிறுவனங்கள் கௌரவப் பட்டங்களை வழங்குவதேயில்லை. நிதியளிப்போரினதும் ஆள்வோரினதும் நெருக்குதலிலிருந்து தப்புவதற்கு அது நேர்மையானதொரு வழியே. எமது சூழலில் அது போதுமானதாகாது. பட்டத்தை ஒழிப்பதால் கடன் ஒழிந்துவிடுவதில்லை. கடன் பற்றிய பேச்சுத்தான் ஒழியும். மேலும், பணம் பெற்றுக்கொண்டு கலாநிதிப் பட்டம் சூட்டும் அமைப்புகள் மலிந்துள்ள இக்காலத்தில், பல்கலைக்கழகம் இத்துறையிலிருந்து விலகின் மக்கள்முன் மிஞ்சுவன அப்போலிகளே.

ஆகவே சீர்திருத்தமே வேண்டப்படுவது. முதலாவதாக, அரசாங்கப் பதவி வகிப்போருக்கும் பல்கலைக்கழகத்துக்கு நிதி வழங்குவோருக்கும் அவர்கள் அந்நிலையில் இருக்கும்வரை பட்டம் வழங்கலாகாது. தகுதியுடையோரும் இதனால் இழப்பது சிறிது காலத்தையே. ஐயத்துக்கிடமற்ற மதிப்பை அவர்கள் பெறுவர். இரண்டாவதாக, முன்மொழிவுக்கான காரணங்கள் எழுத்திலே வெளியிடப்படல் வேண்டும். இன்ன நூலுக்காக, இன்ன கலைப்பயிற்சிக்காக, இன்ன தொழில்நுட்ப அறிவுக்காக எனக் குறிப்பிட இயலாதபோது அப்பெயர் கைவிடப்படல் வேண்டும். மூன்றாவதாக, மூதவையின் மறைமுக வாக்கெடுப்பே முடிவானதாக அமைதல் வேண்டும். வேந்தரின் பங்கு முடிவை அறிவிப்பதோடு நின்றுவிடல் வேண்டும். நான்காவதாக, கௌரவப் பட்டம் ஒரே தரத்ததாயிருத்தல் வேண்டும்; பெயருக்குமுன் கலாநிதி எனப் பூண்டுகொள்ளும் வழக்கமும் கைவிடப்படல் வேண்டும். ஐந்தாவதாக, பட்டத்தோடு பல்கலைக்கழகத்திற் கற்பிப்பதற்கான அழைப்பும், அவ்வறிவைப் பதிவுசெய்வதற்கான நிதியும் இணைக்கப்படல் வேண்டும்.

இவ்விதிகள் நிறைவேறினும் ஓர் எச்சரிக்கை எஞ்சி நிற்கும். தோட்டத்துப் பாடகியொருத்தியை மேடையேற்றிச் சால்வை போர்த்திவிட்டு, அவளுடைய பேரப்பிள்ளைகள் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லாத பாடசாலைகளிலே தேங்கிக்கிடப்பதைக் காணாதிருப்போமாயின், அக்கௌரவம் புதியதொரு மூடுதிரையாகிவிடும். தனிமனிதருக்கு அளிக்கும் பட்டம் ஒரு மக்கட் கூட்டத்துக்கு மறுக்கப்பட்ட கல்விக்கு ஈடாகாது. கடனின் ஒரு பகுதியையே பட்டத்தால் தீர்க்க முடியும். எஞ்சிய பெரும்பகுதியைப் பல்கலைக்கழக அனுமதியிலும், மலையகப் பாடசாலைகளுக்கு வேண்டிய ஆசிரியரை ஆயத்தஞ்செய்வதிலும், ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் பொருள்களிலும், அவ்வாய்வின் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பதிலுமே தீர்க்கவேண்டும். பேராதனையில் அடுத்த பட்டமளிப்பு விழாவுக்கான பெயர்கள் ஆராயப்படும்போது மூதவை இவ்விரு பகுதிகளையும் ஒருங்கே எண்ணிப்பார்க்குமாயின், கௌரவப் பட்டம் என்னும் இப்பழைய நிறுவனம் நமது காலத்துக்குரிய ஒரு பணியைப் பெற்றுக்கொள்ளும்.